ஒஸ்வின் அழுவதை உதாரணம் காட்டிய மகளுக்கு

அன்பு மகள் ஜோசெட்டுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கை கால் ஓட நடமாடிக்கொண்டிருக்கிறோம், கடவுள் அந்த மட்டில் குறை வைக்கவில்லை. லீட்ஸில் குளிர் இன்னும் விடவில்லை என்று அம்மா சொன்னாள், உன் நெஞ்சுச் சளி இறங்கி நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் வேண்டிக்கொள்கிறேன். நலம் விசாரிப்பது இத்தோடு போதும். இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. நடந்துகொண்டே படிக்காதே, ரயிலில் பாதி படித்துவிட்டு மடித்துப் பையில் போட்டுக்கொள்ளாதே.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் உன்னோடு பேச மாட்டேன். இந்த ஒரு மாதமாக நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போதெல்லாம் அப்பா குளிக்கிறார், அப்பா அசந்து தூங்குகிறார் என்று அம்மா சொன்னாளே, நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சீமைப்பலா சீவிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை குளித்தேன், மற்றதெல்லாம் பொய். என் குரல் இனி உன் இயந்திரத்துக்குள் போகாது. இந்தக் கடிதத்தைக்கூடப் பார், பள்ளிக்கூடத்து மொழியில், கோட்டும் டையும் போட்ட மொழியில் எழுதுகிறேன். ஒரு வரிகூட உனக்கு உதாரண வாக்கியமாகக் கிடைக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

வீட்டுச் செய்தி என்று கேட்டால் அதிகம் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறது, நீ அனுப்பிய தைலத்தால் அல்ல, அவள் மாடிப்படி ஏறுவதை நிறுத்தியதால். பின்பக்கத்து கொக்கோ மரத்தில் ஒன்று காற்றுக்குச் சாய்ந்துவிட்டது. நான் ஓட்டும் பஸ்ஸுக்குக் கியர் மாற்றும்போது பழையபடி முனகல் சத்தம் வருகிறது, மெக்கானிக் கேட்டுவிட்டு இது வண்டி இல்லை, வயசாளி என்றான். அதையெல்லாம் சமாளித்துக்கொள்வேன். சமாளிக்க முடியாததை நீ செய்து வைத்திருக்கிறாய்.

உன் மேடைப் பேச்சின் வீடியோ போனில் வந்த அன்று நானும் அம்மாவும் அதை எவ்வளவு பெருமையாகப் பார்த்தோம் தெரியுமா. நீல உடுப்பில் மேடையில் நின்றாய். உன் முன்னால் அத்தனை வெள்ளைக்காரர்கள் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்துக்காரர்களின் இலக்கணத்தில் நான், நீ என்றால் டூ, அவன், அவள் என்றால் டஸ், எங்கள் கிரெனடாவில் அப்படி இல்லை, நான் டஸ், நீ டஸ், அவர்கள் டஸ், எல்லாருக்கும் ஒன்றுதான், ஏனென்றால் எங்கள் வாயில் டஸ் என்பது ஆளைப் பற்றிய பேச்சே அல்ல, வழக்கத்தைப் பற்றிய பேச்சு என்று சொன்னாய். ஒரு பெண் மீன் விற்கிறாள் என்றால் இன்றைக்கு மட்டும் விற்கிறாளா, அவள் பிழைப்பே அதுதானா என்று மற்றவர்கள் சுற்றி வளைக்க வேண்டும், நாங்கள் முன்னால் ஒரு டஸ் போட்டால் தீர்ந்தது என்றாய். டிட் என்றால் எப்போதோ நடந்தது. டன் என்றால் முடிந்தே போனது, ஐ டன் ஈட் என்று எங்கள் ஊரில் ஒருவன் சொன்னால் அவனுக்கு இனித் தட்டு வைக்காதே என்று அர்த்தம் என்று சொல்லிச் சிரிக்க வைத்தாய். இது தப்பு ஆங்கிலம் அல்ல, இதற்கும் சட்டம் உண்டு என்று நீ சொன்ன இடத்தில் அம்மா என் தொடையைத் தட்டினாள். டஸ் என்று சொன்னதற்காக என்னை வகுப்புக்கு வெளியே வெயிலில் நிற்க வைத்த வாத்தியாரை நினைத்துக்கொண்டேன், அவர் இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

அதற்கப்புறம் என் குரல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் நான் பேசிய குரல். பஸ் படகுத்துறையைத் தாண்டும்போதெல்லாம் ஒஸ்வின் அழுவான் என்று நான் உன்னிடம் சொன்னது. ஒஸ்வின் டஸ் க்ரை. அதைப் பெரிய எழுத்தில் திரையில் போட்டாய். அதற்குக் கீழே திங்கட்கிழமை ஒஸ்வின் அழுதான், டிட். அதற்கும் கீழே ஒஸ்வின் இப்போது அழுகிறான். மூன்று வரி. மூன்றுக்கும் வித்தியாசம் பாருங்கள் என்றாய். என்ன அழகாக என் அப்பா ஒரே சொல்லில் ஒரு மனிதனின் முழு வாழ்க்கை வழக்கத்தையும் சொல்லிவிட்டார் என்றாய். அந்த அரங்கம் சிரித்தது ஜோசெட். நீயும் சிரித்தாய். எங்கள் வீட்டில் அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள், அங்கே அடுப்பில் ஒன்றுமில்லை.

ஒஸ்வின் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா. உன்னைத் தோளில் வைத்துத் திருவிழா ஊர்வலம் காட்டியவன். அவன் மகன் கெல்லன் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், உனக்குத் தூண்டிலில் புழு மாட்டக் கற்றுக்கொடுத்தவன். கெல்லன் ஆழ்கடலுக்கு மீன் பிடிக்கப் போன படகு இயந்திரம் ஓடிக்கொண்டே ஆள் இல்லாமல் தென்பட்டதும், அதை மற்றவர்கள் துறைக்கு இழுத்து வந்ததும் உனக்குத் தெரியும். நீ அப்போது இங்கேதான் இருந்தாய், என்னோடு அந்தத் துறையில்தான் நின்றாய், ஒஸ்வின் அந்தப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கையை எடுக்க மறுத்ததைப் பார்த்தாய். உடம்பு கிடைக்காததால் கல்லறை இல்லை. ஜாதிக்காய்க் கிடங்கு வேலைக்குப் போக அவனுக்கு வேறு பஸ் இல்லை, விடியற்காலை என் வண்டியில்தான் வருவான், கடைசி வரிசை ஜன்னல் ஓரம், தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொள்வான். துறை வரும். தோள் குலுங்கும். வளைவு தாண்டியதும் தொப்பியைச் சரிசெய்துகொள்வான். நான் கண்ணாடியில் பார்ப்பேன், அவ்வளவுதான். அதைப் பற்றி நானும் அவனும் ஒரு நாளும் பேசியதில்லை. உன் அம்மாவுக்கும் உனக்கும் தவிர வேறு யாருக்கும் நான் சொன்னதில்லை. உனக்கு ஏன் சொன்னேன் என்றால், நீ அன்று கெல்லனை நினைத்துக்கொண்டு போனில் அழுதாய், அவன் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாய். மகளுக்குச் சொன்னேன். திரையில் போடச் சொல்லவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அப்பா, உங்க பேச்சைப் பதிவு பண்ணிக்கட்டுமா, என் வேலைக்கு வேணும் என்று கேட்டாய், நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன். மறுக்கவில்லை. நீ கேட்டது என் பேச்சை. ஒஸ்வினை நீ கேட்கவில்லை, ஒஸ்வினைக் கொடுக்க எனக்கும் உரிமை இல்லை. பேரையாவது மாற்றியிருக்கக் கூடாதா. உலகத்தில் வேறு பேரே இல்லையா. அழுவதற்குப் பதில் இருமுவான், கொட்டாவி விடுவான் என்று வைத்தால் உன் இலக்கணம் ஓடிப்போய்விடுமா.

ரம் கடைச் சுவரில் உட்கார்ந்திருக்கும் டெக்ஸ்டரை ஞாபகம் இருக்கும், உடம்பு வளர்ந்ததே தவிர வேறு ஒன்றும் வளரவில்லை. புரூக்ளினில் இருக்கும் அவன் ஒன்றுவிட்ட அண்ணன் உன் பேச்சிலிருந்து அந்தத் துண்டை மட்டும் வெட்டி, பின்னால் டமடமவென்று தாளம் வைத்து அனுப்பிவிட்டான். என் குரல் அதில் திரும்பத் திரும்ப வருகிறது, ஒஸ்வின் டஸ் க்ரை, டஸ் க்ரை என்று. கடையில் போடுகிறார்கள், மீன் சந்தையில் போடுகிறார்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அதற்கு ஆடுகிறார்கள். ஒஸ்வினிடம் நல்ல போன் கிடையாது, தன் பேரைத் தெருவில் பாட்டாகக் கேட்டுத்தான் அவனுக்கு விஷயமே தெரிந்தது. டெக்ஸ்டர் சுவரிலிருந்தே கூப்பிட்டிருக்கிறான், பெரியவரே, இன்னைக்கு டஸ்ஸா, டிட்டா, சொல்லிட்டுப் போங்க, நாங்க பரீட்சைக்குப் படிக்கிறோம் என்று.

இதை நான் உனக்குச் செய்தியாக அனுப்பினேன். நீ என்ன பதில் போட்டாய், ஞாபகம் இருக்கிறதா. கவலைப்படாதீங்க அப்பா, நம்ம மொழியை உலகம் கொண்டாடுது, ஒஸ்வின் மாமாவுக்கும் பெருமைதானே, அது வெறும் தரவு என்று. தரவு. அந்தச் சொல்லை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அவள் திரும்பப் படிக்கச் சொன்னாள், திரும்பப் படித்தேன். அப்போது எனக்கு ஒரு கேள்வி வந்தது, உன் மொழியிலேயே கேட்கிறேன், நீதான் இதில் படித்தவள். நீ என் பேச்சை எடுத்தது டிட்டா, டஸ்ஸா. அந்த ஒரு நாள் எடுத்தாயா, அல்லது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் மகளோடு பேசுகிறேன் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருக்க, நீ எடுத்துக்கொண்டேதான் இருக்கிறாயா. அம்மாவின் கர்ப்பப்பை ஆபரேஷன் பற்றிச் சொன்னேனே, அது எங்கே இருக்கிறது. என் தம்பி குடித்துவிட்டு வந்து அழுததைச் சொன்னேனே, அது எந்த வினைச்சொல்லுக்கு உதாரணம். இதற்கு எனக்கு நேரான பதில் வேண்டும்.

ஒஸ்வின் பஸ்ஸில் வருவதை நிறுத்திவிட்டான். துறையைத் தாண்டாமல் போக மலைக்கு மேலே ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது, ஆடு மேய்ப்பவர்கள் போவது, அதில் நடக்க ஆரம்பித்தான். அவனுக்கு என் வயது. நான் அவன் வீட்டுக்குப் போனேன், அவன் தங்கை மேவிஸ் வாசலுக்கு வந்து, அண்ணன் உள்ளதான் இருக்கு, ஆனா உங்களுக்கு இல்ல அல்பன் என்றாள். கதவைச் சாத்தவில்லை, திறந்தும் வைக்கவில்லை, கையால் பிடித்துக்கொண்டே நின்றாள். நான் கொண்டுபோன சேம்பிலைச் சாற்றை வாசற்படியிலேயே வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் பாத்திரம் கழுவி என் பஸ்ஸின் முன்சீட்டில் வைக்கப்பட்டிருந்தது, யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. என் வண்டியில் ஏறுகிறவர்கள்கூட இப்போது வாயை மூடிக்கொண்டு உட்காருகிறார்கள். நர்ஸ் ஐவி தன் மருமகளைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள், பின்சீட்டிலிருந்து ஒருத்தி, அக்கா மெதுவா, டிரைவர் அண்ணன் பொண்ணு கேட்டுட்டிருக்கும் என்றாள், வண்டியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இத்தனை காலம் இந்த ஊர் என் முதுகுக்குப் பின்னால் எல்லாவற்றையும் பேசியது, என்னை நம்பி.

மழை பிடித்த வாரத்தில் ஒஸ்வின் அந்தப் பாதையில் வழுக்கி விழுந்தான். மணிக்கட்டு உடைந்தது, நெற்றி கிழிந்தது. ஆடு ஓட்டிப்போனவர் பார்க்கும் வரை ஈரத்தில் அப்படியே கிடந்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் வந்துவிட்டேன். அன்று நீ கூப்பிட்டிருந்தால் நான் போனை எடுத்திருப்பேன், எடுத்து என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே பயமாக இருந்தது. அதனால்தான் கடிதம்.

இப்போது போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன், ஒரு சொல் விடாமல் படி. மாவுக்கட்டுப் போட்ட கையோடு மலைப்பாதையில் ஏற முடியாது, கிடங்கில் மேலும் லீவு இல்லை, அதனால் ஒஸ்வின் பஸ்ஸுக்கு வந்தான். ஏறும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய ஜன்னல் சீட்டில் யாரோ இருந்தார்கள், அதனால் முன்னால், எனக்குப் பின்னால் உள்ள வரிசையில் உட்கார்ந்தான். டெக்ஸ்டரும் அன்று வண்டியில் இருந்தான், டவுனில் அவனுக்கு ஏதோ வேலை. அடுத்த நிறுத்தம் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டான். பெரியவரே, கை ஒடைஞ்சது டிட்டா, இல்ல அதுவும் டஸ்ஸா என்றான். அவனோடு வந்தவன் போனை எடுத்து அந்தத் தாளத்தைப் போட்டான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் வெளியே பார்த்தார்கள், வெளியே இன்னும் இருட்டுதான், பார்க்க ஒன்றுமில்லை. டேய், அதை நிறுத்து, இல்ல இறங்கு என்றேன். அண்ணே, உங்க குரல்தானே பாடுது, நீங்களே நிறுத்துங்க என்றான். நான் வண்டியை ஓட்டினேன் ஜோசெட். அவன் சொன்னது சரி.

துறை வந்தது. என் கை தானாக ரேடியோவுக்குப் போனது. உனக்கு இதையும் நான் சொன்னதில்லை, நல்லவேளை. அந்த இடத்தில் நான் எப்போதும் ரேடியோவைச் சத்தமாக வைப்பேன், பின்சீட்டில் வரும் சத்தம் யாருக்கும் கேட்கக் கூடாது என்று. அவனுக்கு அது தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒஸ்வின், அதைப் போடாத அல்பன், இத்தனை வருஷம் போட்டது போதும் என்றான். இத்தனை வாரங்களுக்குப் பிறகு என்னிடம் அவன் பேசியது அதுதான். அப்புறம், இங்க நிறுத்து என்றான். நிறுத்தினேன். அவன் இறங்கவில்லை. நல்ல கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பின்பக்கம் திரும்பி நின்றான். தொப்பியைக் கழற்றினான். முகம் முழுக்க நனைந்திருந்தது, துடைக்கவில்லை.

நல்லாப் பாத்துக்கங்க, இருட்டா இருந்தா அல்பன் லைட்டைப் போடுவான் என்றான். நான் போட்டேன். நீங்க கேட்டீங்கல்ல, சொல்றேன், டஸ்தான். என் பையன் போனதுலேர்ந்து டஸ். நேத்து அழுதேன், இன்னைக்கு அழறேன், நாளைக்கு இந்த வண்டியில ஏறினா நாளைக்கும் அழுவேன். இது டிட் ஆகாது. டன் ஆகவே ஆகாது. பிள்ளை பெத்தவங்க யாராவது இருந்தா, அது டன் ஆகிற நாள் எப்பன்னு எனக்குச் சொல்லுங்க, நான் அதையும் கத்துக்கறேன் என்றான். குரலை உயர்த்தவில்லை. தாளம் போட்டவன் அதை நிறுத்தத் தெரியாமல் போனைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான், அங்கிருந்தும் என் குரல் கேட்டது, பிறகு நின்றது. டெக்ஸ்டர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸ் ஐவி எழுந்து ஒஸ்வினைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள், அவளும் அழுதாள், அவள் அண்ணனும் கடலில் போனவன்தான், நாங்கள் எல்லாரும் அதை மறந்திருந்தோம்.

கிடங்கு வாசலில் அவன் இறங்கும்போது நானும் இறங்கினேன். ஒஸ்வின், என் மகள் செய்தது என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினான். மேவிஸ் பக்கத்து வீட்டுப் போன்ல முழுசும் போட்டுக் காட்டினா, ரெண்டு தடவை கேட்டேன் என்றான். நான் அழுவேன்னு உன் பொண்ணு சொல்லிச்சு, சரி, அழுவேன்தான். ஏன்னு சொல்லவே இல்லையே அல்பன். கெல்லன் பேரு அதுல எங்கயுமே வரல. அந்தப் புள்ளைக்கு அவனைத் தெரியுமே. இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

நானும் உன் பேச்சை மறுபடி போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிடம் முழுதாகத்தான் சொன்னேன், பாவம், கெல்லனை நினைத்து அழுகிறான் என்று. அதை நீ வெட்டியிருக்கிறாய். டெக்ஸ்டரின் அண்ணன் வெட்டினான் என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன், முதல் வெட்டு உன்னுடையது. காரணம் இருந்தால் உன் வாக்கியம் நீளமாகிவிடும், சபை சிரிக்காது, அதுதானே. காரணத்தோடு சொல்லியிருந்தால் அந்த அரங்கத்தில் ஒரு ஆள் சிரித்திருப்பாரா சொல். டெக்ஸ்டர்கூடச் சிரித்திருக்க மாட்டான். நான் உன்னைப் படிக்க வைத்ததற்காக வருத்தப்படுகிறவன் அல்ல. நம் பேச்சுக்குச் சட்டம் உண்டு என்று நீ சொன்னது எனக்கு இப்போதும் பிடித்திருக்கிறது, பிடித்திருப்பதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. வேறு யாராவது செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

அந்தத் துண்டை நீ அழித்தாலும் இங்கே போன்களில் இருப்பது அழியாது, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் உன் பக்கத்திலிருந்து அதை எடு. பிறகு ஒஸ்வினுக்கு எழுது. விளக்கம் எழுதாதே, தரவு, ஆராய்ச்சி என்று ஒரு சொல் அதில் இருக்கக் கூடாது. கெல்லனைப் பற்றி உனக்குத் தெரிந்ததை எழுது. பெஞ்சில் என்ன செய்வான், தூண்டில் போடும்போது என்ன பாடுவான், உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவான், எல்லாவற்றையும். மகன் பள்ளிக்கூடத்தில் எப்படி இருந்தான் என்பது அப்பனுக்கு எப்போதும் பாதிதான் தெரியும். ஜூன் கடைசியில் மீனவர் திருநாளுக்குப் பாதிரியார் படகுகளுக்கு ஆசி கொடுக்கும்போது நீ இங்கே இருக்க வேண்டும். டிக்கெட் கிடைக்கவில்லை, வகுப்பு இருக்கிறது என்று என்னிடம் சொல்லாதே. துறையில் அவன் பக்கத்தில் நில். அவன் உன்னைத் திட்டினால் கேட்டுக்கொள், பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு. போனை வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ.

கோபமாக எழுதினேன், திருத்தப் போவதில்லை. ஆனாலும் நீ நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், போகிற இடத்தில் மதிப்போடு இருக்க வேண்டும், கர்த்தர் உன் தலைமேல் கை வைத்திருக்க வேண்டும், இதை நான் எந்தக் கோபத்திலும் வேண்டாமல் படுத்ததில்லை. அம்மா தன் பங்குக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள், அனுப்பியாயிற்று. நெஞ்சில் துணி சுற்றிக்கொள், குளிர்ந்த பால் குடிக்காதே. நான் கேட்ட டிட்டா, டஸ்ஸா கேள்விக்குக் கையால் எழுதிப் பதில் போடு, அது வரும் வரை ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துக்கொண்டுதான் இருப்பேன்.

போன வாரத்திலிருந்து ஒஸ்வின் முன்வரிசையிலேயே உட்காருகிறான். துறை வரும்போது நான் வண்டியை மெதுவாக்குகிறேன். ரேடியோவைத் தொடுவதில்லை. நேற்று டெக்ஸ்டர் ஏறி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

உன் அப்பா,
அல்பன் மொடெஸ்ட்